நான் பார்க்காத புண்

நோயாளி சொல்லி முடிப்பதற்குள் மருந்துச்சீட்டில் முதல் வரியை எழுதிவிடுகிற நாள் உங்களுக்கும் வரும். அதை அனுபவம் என்று நினைத்துக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தென்காசியில் முப்பத்தொரு வருடம் தோல் மருத்துவம் பார்த்துவிட்டுப் போன வருடம்தான் கிளினிக்கை மூடினேன். இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும், ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். நான் சரியாகக் கண்டுபிடித்த நோய்களைப் பற்றி எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அதற்குப் பதிலாக மசூதைப் பற்றிச் சொல்கிறேன். மசூது என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னிடம் வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். சவுதியில் பதினோரு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். உட்கார முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பிவிட்டார். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால்தான் அந்தத் தொழிலைப் பிடித்தேன் என்று பிறகு ஒருநாள் சொன்னார். என் அறையிலும் உட்கார மாட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எப்போதும் கருநீலக் கைலிதான். அவர் வருவதற்கு முன்னால் அத்தர் வாசனை உள்ளே வரும். அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருக்கும். அந்த வாடை எனக்குத் தெரிகிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுவார்.

அவருக்கு இருந்தது ஹைட்ராடெனைட்டிஸ். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் கட்டி கட்டியாக வந்து, பழுத்து உடைந்து, ஆறியதுபோல ஆறி, மறுபடி பக்கத்தில் கிளம்பும். வருடங்கள் போகப் போகத் தோலுக்கு அடியில் ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் துளை விழுந்து, சீழ் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். அழுக்கால் வருவது இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை. ஆனால் அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள் என்று நோயாளியே நினைத்து ஒதுங்கிக்கொள்வார். மசூதுக்கு இருபத்திரண்டு வயதில் தொடங்கிய நோய். கல்யாணமான புதிதில் மனைவியிடமே ஒரு வருடம் மறைத்திருக்கிறார்.

முதல் நாள் நான் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது அவர் முகம் சிவந்து, கதவுப் பக்கம் இரண்டடி நகர்ந்தார். பொம்பளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன். என்னிடம் அப்போது சுப்பையா வேலை பார்த்தார். இலத்தூர்க்காரர், கட்டுப் போடுவதில் கெட்டிக்காரர், பொறுமைசாலி. திரைக்குப் பின்னால் அவர் போய்ப் பார்ப்பார், சுத்தம் செய்வார், வெளியே வந்து எனக்குச் சொல்வார். நான் எழுதுவேன். அக்குளை மட்டும் நான் பார்த்தேன். அக்குளில் இருந்ததை வைத்து மற்றதையும் ஊகித்துக்கொண்டேன்.

இந்த ஏற்பாடு பத்து வருடம் நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். மாத்திரை, கழுவும் மருந்து, வீக்கம் அதிகமானால் ஊசி. நோய் கொஞ்சம் அடங்கும், பிறகு கிளம்பும். அறுவை சிகிச்சை செய்து அந்தத் தோலையே எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். கடையை யார் பார்ப்பது என்றார். நான் மூன்றாவது தடவை சொல்லவில்லை. அவருடைய கூச்சத்துக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கூச்சம் எனக்கும் வசதியாக இருந்தது. ஒருவரைப் படுக்க வைத்து, கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு துளையாகப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சாரல் காலம். உங்களுக்குத் தெரியும், ஆனி பிறந்துவிட்டால் நம்மிடம் என்ன கூட்டம் வரும் என்று. ஈரத்துணியோடு திரிகிறவர்களின் படர்தாமரையும், விடுதிகளில் தொற்றிக்கொண்ட சொறியுமாக வராண்டாவில் நிற்க இடம் இருக்காது. அன்று மசூது வந்தார். சுப்பையா திரைக்குப் பின்னால் போனவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் குனிந்து என் காதருகில் சொன்னார்.

"மேடம், வலது பக்கம் ஒரு எடத்துல சதை வளந்திருக்கு. தொட்டா ரத்தம் வருது. நீங்க ஒரு எட்டு பாத்தா நல்லது."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். நாள்பட்ட புண்ணில் சதை மிஞ்சி வளர்வது சாதாரணம்தான் என்றேன். சுப்பையா அங்கேயே நின்றார். பிறகு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டார்.

அந்த ஒரு நிமிடத்துக்கு நான் எத்தனையோ தடவை திரும்பிப் போயிருக்கிறேன். சுப்பையா படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் அந்தப் புண்ணைப் பத்து வருடமாகப் பார்த்தவர் அவர்தான். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லும் தகுதி அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

ரத்தம் நிற்காமல் அடுத்த மாதமே மசூது வந்தபோது சுப்பையா மறுபடி சொன்னார். இந்தத் தடவை எனக்கு லேசாக உறுத்தியது. வருடக்கணக்காகச் சீழ் வைத்துப் புண்ணாகிக் கிடக்கிற தோலில் சிலருக்குப் புற்று வரும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. தேர்வில் எழுதியிருக்கிறேன். இந்த நோய் பிட்டத்தில் நாள்பட்டுக் கிடப்பவர்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று என் ஜூனியர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். மசூதிடம் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றேன். சீசன் முடியட்டும் டாக்டர் என்றார். சாரல் காலத்து வியாபாரத்தில்தான் அவர் வீட்டில் வருடம் முழுக்க அடுப்பு எரியும். நான் சரி என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. புற்று என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவே இல்லை. அவர் எதைத் தள்ளிப்போடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து வந்தார். திரைக்குப் பின்னால் நான் போனேன். ஆனால் அவர் ஒருக்களித்துப் படுத்து, கைலியை ஒரு விரற்கடை அளவுதான் விலக்கினார். சுப்பையா விளக்கைப் பிடிக்க, தெரிந்த ஓரத்திலிருந்து மேலாக ஒரு துண்டு எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. கைலியை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் அது சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தோம்.

ரிசல்ட் வந்தது. நாள்பட்ட அழற்சி, மேல்தோல் தடித்திருக்கிறது, புற்று அணுக்கள் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு ரிசல்ட்டைப் பார்த்ததும் அந்த மாதிரி நிம்மதி வந்தால், நாம் அந்த விடையைத்தான் முன்கூட்டியே வேண்டிக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். அவரைக் கூப்பிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னேன். மறுநாள் கிளினிக்கில் எல்லோருக்கும் ஒரு பை சிப்ஸ் கொடுத்துவிட்டிருந்தார். நானும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஐந்து மாதம் அவர் வரவில்லை. அவர் வராததை நான் கவனிக்கவும் இல்லை.

ஒருநாள் மதியம் ஒரு பெண் தனியாக வந்தார். மசூதின் மனைவி ஜொஹரா. அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நிதானமாகப் பேசினார். படுக்கை விரிப்பில் தினமும் ரத்தம் இருக்கிறது, வாடை மாறியிருக்கிறது, முன்பு சீழ் வாடை, இப்போது வேறு மாதிரி, தொடை இடுக்கில் கல்லுப்போல ஒரு கட்டி, அவர் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்கிறார், மெலிந்துவிட்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க அந்தப் புண்ண முழுசா உங்க கண்ணால பாத்திருக்கியளா டாக்டர்?"

எனக்கு எதிரே மேசையில் மசூதின் நோட்டு இருந்தது. பத்து வருடம், நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கம், எல்லாம் என் கையெழுத்து. இல்லை என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். அந்தப் பதில் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, வேறு யாரும் வருவதற்கு முன் மசூதை வரச் சொன்னேன். ஜொஹராவும் கூட இருந்தார். குப்புறப் படுக்க வைத்து, எல்லாக் கட்டையும் பிரித்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கோசு போல மேலெழும்பிய வளர்ச்சி. ஓரம் தடித்து, உருண்டு, அழுத்தினால் மரக்கட்டை போல இருந்தது. தொடை இடுக்கில் நெறிகட்டி அசையவே இல்லை. மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன்கூடப் பார்த்ததும் சொல்லிவிடுவான். அவர் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டிருந்தார். காது மட்டும் தெரிந்தது. அது சிவந்திருந்தது.

அன்றே திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் மயக்கம் கொடுத்து ஐந்து இடங்களில் ஆழமாகத் துண்டு எடுத்தார். ஐந்தில் நான்கில் புற்று. நான் ஃபோனில் அவரிடம், முதல் பரிசோதனையில் இல்லை என்றுதானே வந்தது என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அவர் சொன்னார்.

"அந்த ரிசல்ட் சரிதான் மேடம். நீங்க அனுப்புன துண்டுல புத்து இல்ல. அவ்வளவுதான் அது சொல்லிச்சு."

அந்த மனிதர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஆசிரியர்களில் அவரையும் வைத்திருக்கிறேன். புண் ஒரு விதமாகவும் ரிசல்ட் ஒரு விதமாகவும் சொன்னால், புண்ணைத்தான் நம்ப வேண்டும். மறுபடியும் ஆழமாக எடுக்க வேண்டும், பல இடங்களில் எடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்டபோது எனக்கு ஐம்பத்தேழு வயது.

அடுத்தது, அவர்களிடம் சொல்வது. நோயைச் சொல்லத்தான் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. என் தவற்றைச் சொல்வதா என்பதுதான் கேள்வி. என்னோடு படித்த தோழியிடம் யோசனை கேட்டேன். நோய் இருக்கிறது என்று மட்டும் சொல், மற்றதை வாயால்கூடச் சொல்லாதே, நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வாய் என்றாள். தவறில்லாத யோசனைதான். இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜொஹராவின் கேள்விக்கு இல்லை என்று ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன் என்பது கடைசியில்தான் உறைத்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது.

கணவன் மனைவி இரண்டு பேரையும் உள்ளே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். மசூது வழக்கம்போல நின்றார். அதனால் நானும் எழுந்து நின்றேன். புற்றுநோய் என்று சொன்னேன். சுப்பையா சொன்னபோதே நான் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னேன். துண்டு எடுத்தபோது மேலாக எடுத்தேன், ஒன்றுமில்லை என்று உங்களிடம் உறுதியாகச் சொன்னது என் தவறு என்று சொன்னேன். அவ்வளவையும் சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

ஜொஹரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மசூது நாற்காலியின் முதுகை அழுத்திப் பிடித்தார். பிறகு பேசினார்.

"முன்னால ரெண்டு டாக்டர்ட்ட போனேன். ரெண்டு பேரும் கைலிய அவுருன்னாவ. அப்புறம் அங்க போவல. நீங்க பாக்க மாட்டியன்னுதான் டாக்டர் உங்ககிட்டயே வந்துக்கிட்டிருந்தேன்."

அவர் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். குற்றத்தில் பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் என் தொழிலைப் பற்றி யாரும் என்னிடம் சொன்னதில் அதைவிடக் கொடுமையான சொல் வேறு இல்லை. பரிவானவர் என்று ஊரில் எனக்குப் பெயர் இருந்தது. நோயாளியைச் சங்கடப்படுத்தாதவர். என்னிடம் வந்த கூட்டத்தில் எத்தனை பேர் நான் பார்க்க மாட்டேன் என்பதற்காகவே வந்தார்களோ என்று அன்று முதன்முதலாகத் தோன்றியது.

மசூதைச் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரிய அறுவை சிகிச்சை. மலம் கழிக்க வயிற்றில் வழி செய்து பை வைத்தார்கள், பிறகு கதிர்வீச்சு. ஏழு மாதம் பரவாயில்லாமல் இருந்தார். கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஒருதடவை ஃபோனில் என்னிடம், சாரல் நல்லா இருக்கு டாக்டர், மெயினருவியில் ஆள் நிற்க இடமில்லையாம் என்று கடையைப் பற்றியே பேசினார். பிறகு இடுப்பெலும்பில் வந்தது. அதற்கு மேல் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. ஐம்பத்தொரு வயதில் போய்விட்டார். நான் முதல் தடவையே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. பிழைத்திருக்கலாம். அந்த 'லாம்' என்கிற இரண்டு எழுத்தோடுதான் இருந்துகொண்டிருக்கிறேன்.

குத்துக்கல்வலசையில் அவர்கள் வீடு. மௌத்தாகி ஒரு மாதம் கழித்துப் போனேன். ஜொஹரா இத்தாவில், கணவனை இழந்தவர் ஒதுங்கியிருக்கும் நாட்களில், இருந்தார். வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார், பெண் என்பதால் என்னை உள்ளறைக்கே கூட்டிப்போனார்கள். போகும்போது என்ன பேச வேண்டும் என்று யோசித்துப் போயிருந்தேன். ஆனால் அவர்தான் பேசினார். கடைசி இரண்டு வாரம் யார் வந்து சுத்தம் செய்தாலும் மசூது ஒன்றும் சொல்லவில்லையாம். தம்பி, மச்சினன், பக்கத்து வீட்டுப் பையன், யார் வந்தாலும் சும்மா படுத்திருப்பாராம். "வெக்கம் போயிருச்சு அவியளுக்கு. அப்பத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். ரிஸ்வானா என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்துநான்கு வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"இவளுக்கும் இருக்கு டாக்டர். ரெண்டு வருசமா. அவிய மௌத்தான பெறவுதான் எங்கிட்டயே சொல்லுதா."

இந்த நோய் சில குடும்பங்களில் தொடரும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறாளா என்று மசூதிடம் பத்து வருடத்தில் ஒருதடவை கேட்டிருக்கலாம்.

அந்தப் பெண் அம்மாவை வெளியே போகச் சொன்னாள். சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தேன். அக்குளில் மூன்று, மார்புக்குக் கீழே இரண்டு, தொடை இடுக்கில் ஒன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, எங்கே என்ன அளவு என்று அவளிடமே சொல்லி எழுதிக்கொண்டேன். முடிந்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"வாப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?"

"வராதுன்னு சொல்ல முடியாதும்மா. நெறைய பேருக்கு வரதில்ல. ஆனா இப்பவே வைத்தியம் செய்யணும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஒடம்பு முழுக்கக் காட்டணும்."

அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தவறாமல் வந்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நோயைச் சொன்னார்கள், நிச்சயம் முறிந்தது. பிறகு இரண்டு வருடம் கழித்து வேறொருவரோடு நிக்காஹ் ஆயிற்று. அக்குளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். தொடை இடுக்கில் மட்டும் இன்னும் அடங்கவில்லை. கிளினிக்கை மூடியபோது அவளை உங்களில் ஒருவரிடம் அனுப்பினேன். யார் என்று இங்கே எழுதப் போவதில்லை, நோட்டைக் கொடுத்தபோது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவள் நன்றாகப் பேசுவாள். சிரிப்பாள். குழந்தையைப் பற்றி, குற்றாலத்தில் தண்ணீர் விழுவதைப் பற்றிச் சொல்வாள். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், நேரம் ஆகிவிட்டதே என்று உங்களுக்குத் தோன்றும், வெளியே ஆட்கள் இருப்பார்கள். அப்போது ஒரு பெண் நர்ஸைக் கூப்பிடுங்கள். கதவைச் சாத்துங்கள். அவள் வேண்டாம் என்பாள். அந்த இடத்தில் தயவுசெய்து அவளுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.